கிராஸ்ரோட்ஸ் (1986): கடைசியில் ஜெயித்தது ப்ளூஸா, பகானினியா?

#1 ஆறாம்தந்தி

இன்னொரு இழையில் இந்தப் படத்தின் முடிவு சரியில்லை என்று நான் எழுதிய ரெண்டு வரிக்கு வந்த வசவைப் பார்த்து, தனி இழையே திறந்துவிட்டேன். ஸ்பாய்லர் முழுக்க உண்டு, பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

கதைச் சுருக்கம்: யூஜின் (ரால்ஃப் மாக்கியோ, 'கராத்தே கிட்' பையன்) நியூயார்க் ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் கிளாசிக்கல் கிட்டார் படிக்கிறான், மனசெல்லாம் ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை. முப்பதுகளின் ப்ளூஸ் மேதை ராபர்ட் ஜான்சன் பதிவு செய்தது 29 பாட்டு. முப்பதாவது ஒன்று உண்டு, யாரும் கேட்டதில்லை என்று நம்புகிறான். ஜான்சனின் கூட்டாளி வில்லி பிரவுன் (ஜோ செனெகா) ஒரு முதியோர் விடுதியில் அடைபட்டுக் கிடக்கிறார். "என்னை இங்கேயிருந்து மிசிசிப்பிக்குக் கொண்டுபோ, பாட்டைத் தருகிறேன்" என்கிறார். வழியில் வீட்டைவிட்டு ஓடிவந்த ஃபிரான்சஸ் (ஜாமி கெர்ட்ஸ்) சேர்ந்துகொள்கிறாள். கிழவர் இளவயதில் நாற்சந்தியில் ஆத்மாவை விற்றவர். அந்த ஒப்பந்தத்தைக் கிழிக்க, சாத்தானின் ஆள் ஜாக் பட்லரோடு (நிஜ ராக் கிட்டார் வித்தகர் ஸ்டீவ் வாய்) யூஜின் கிட்டார் போட்டியில் இறங்குகிறான்.

என் புகார் இதுதான். படம் முழுக்க வில்லி அவனிடம் சொல்வது, விரல் வேகம் ப்ளூஸ் ஆகாது, நீ இன்னும் அடிபடவில்லை என்பது. சரி, அடிபடுகிறான். ஃபிரான்சஸ் பிரிந்து போகிறாள், உடைந்துபோய் வாசிக்கிறான். அப்புறம் உச்சக்கட்டத்தில் சாத்தானை எதைக்கொண்டு ஜெயிக்கிறான்? அந்தக்கால வயலின் மேதை பகானினியின் 5-ஆம் கப்ரீஸ், ஒரு தனி வயலின் உருப்படி! ஜூலியார்ட் சரக்கு! அப்படியானால் இவ்வளவு தூரம் சேற்றில் நடந்ததெல்லாம் எதற்கு? பேசாமல் ஹாஸ்டலிலேயே இருந்திருக்கலாம்.

#2 பெரம்பூர்_பாஸ்

தலைவா, அந்த டூயல எடுத்துட்டா படத்த யாரு ஞாபகம் வெச்சிருப்பா? பாக்ஸ் ஆபீஸ்ல ஊத்திக்கிட்ட படம் இது. இன்னைக்கும் கிட்டார் எடுக்குற பசங்க தேடிப்பிடிச்சுப் பாக்கறது அந்தக் கடைசி சீனுக்காகத்தான்.

அப்புறம் பகானினிய சும்மா எடுத்துப் போடல. அந்தாளு காலத்துலயே "இவன் சாத்தான்கிட்ட ஆத்மாவ வித்துட்டான்"னு ஐரோப்பா பூரா பேச்சு. 1840-ல நீஸ்ல செத்தப்ப சர்ச்சு அடக்கம் பண்ணவே இடம் குடுக்கல. சாத்தானோட பழைய கஸ்டமர் ஒருத்தன் பாட்ட வெச்சே சாத்தான அடிக்கறான் பையன். இதவிட என்ன வேணும்?

#3 ஸ்லைடுகாரன்

சண்டைக்கு முன்னால் யார் எதை வாசித்தார்கள் என்று தெளிவாக்கிக்கொள்வோம். யூஜின் ஸ்லைடு (கம்பிமேல் குழாயைச் சறுக்கி வாசிப்பது) போடும் இடமெல்லாம் கிட்டார் கலைஞர் ரை கூடர். படத்துக்கு இசையும் அவர்தான். பட்லர் வாசிப்பது ஸ்டீவ் வாய் தானே வாசித்தது. கடைசியில் யூஜின் வெளுத்துக்கட்டும் பகானினி, அதுவும் ஸ்டீவ் வாய்தான். ஆக ஸ்டீவ் வாய் ஸ்டீவ் வாயிடம் தோற்று, கிட்டாரைக் கீழே போட்டுவிட்டுப் போகிறார். மாக்கியோவுக்கு விரல் பழக்கியவர் ஆர்லன் ராத். நன்றாகவே பழக்கியிருக்கிறார், இடது கையைப் பார்த்தால் பெரிய பிழை தெரியாது.

நம்பகத்தன்மை என்று பார்த்தால் படத்தின் உயிர் டூயலில் இல்லை. ஃபிரான்சஸ் போனபிறகு வரும் அந்தச் சின்ன ஸ்லைடு துண்டில் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். கண்ணாடிக் குழாய் சுரத்தின் மேல் நேராக உட்காருவதே இல்லை, கீழேயிருந்து ஏறி, சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்று நடுங்கும். மூன்றாம் சுரம் மைனரும் இல்லை, மேஜரும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் எங்கோ தொங்குகிறது. பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. ஒவ்வொரு அடியையும் சாகவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறார் கூடர். கப்ரீஸில் இதெல்லாம் எதுவுமே இல்லை. ஆர்பெஜியோ, ஸ்கேல், மறுபடி ஆர்பெஜியோ. துல்லியம், அவ்வளவுதான்.

இதனால் ஆறாம்தந்தி கட்சியில் நான் சேர்ந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. டூயலின் முதல் பாதியைக் கவனியுங்கள். அங்கே ஸ்லைடு வைத்துத்தான் பட்லருக்குப் பதில் கொடுக்கிறான். அதில் கொஞ்சமும் தோற்கவில்லை.

#4 மல்லி

எல்லோரும் கடைசிப் பத்து நிமிஷத்திலேயே நிற்கிறீர்கள். எனக்கு அந்தக் கிழவரும் பையனும்தான் படம்.

இதை 'குரு சிஷ்யன்' கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். பையனுக்கு வேண்டியது பாட்டு. கிழவர் என்ற மனுஷன் மேல் ஆரம்பத்தில் அவனுக்கு ஒரு அக்கறையும் கிடையாது. முப்பதாவது பாட்டைக் கண்டுபிடித்தவன் என்று பேர் வாங்கவேண்டும், அவ்வளவுதான். கிழவருக்கு வேண்டியது ஒரு வண்டியும் ரெண்டு காலும். கையில் 400 டாலர் இருக்கிறது என்று சொல்லிக் கிளப்புகிறார், இருப்பது 40. பாட்டு என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதும் அவருக்கு முதல் நாளே தெரியும். பொய்யின் மேல் கட்டிய உறவு இது.

அந்தப் பொய் எப்போது உடைகிறது என்று பாருங்கள். பையன் மனசு உடைந்து வாசித்த பிறகுதான் வில்லி உண்மையைச் சொல்கிறார். எடுத்துக்கொண்டு ஓட இங்கே ஒன்றுமில்லை, உன் பாட்டை நீயே போடு என்று அர்த்தம். சொன்னதோடு அவருடைய பிடியும் போகிறது. இனி பையன் அவரை அந்த நாற்சந்தி வரைக்கும் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் போகிறான். அந்த இடத்தில்தான் எனக்கு அவனைப் பிடிக்க ஆரம்பித்தது.

ஃபிரான்சஸ் விஷயத்தில் மட்டும் இயக்குநரை மன்னிக்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் போய் டான்ஸராகப் போகிறேன் என்கிறாள். அந்தக் கனவைப் பற்றி இன்னும் ஒரே ஒரு காட்சி வைத்திருக்கலாம். பையனுக்கு மனவலி தேவை, அதைச் சப்ளை செய்ய ஒரு பெண். வேலை முடிந்ததும் திரையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

#5 பெரம்பூர்_பாஸ்

மல்லிக்கா, ப்ளூஸ் பாட்டுல பாதி "அவ போயிட்டா, காலைல எழுந்து பாத்தா ஆள் இல்ல"தான். அதத்தான் படமா எடுத்திருக்காங்க. 😀

#6 மல்லி

அதே காலத்தில் பாடகிகள் பெஸ்ஸி ஸ்மித்தும் மெம்ஃபிஸ் மின்னியும் "நான் போகிறேன்டா" என்று பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டெல்லாம் உங்கள் ப்ளேலிஸ்டில் இல்லை போல.

#7 ரேடியோப்பெட்டி

நண்பர்களே, வரலாற்றுப் பக்கம் சில செய்திகள்.

வில்லி பிரவுன் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஜான்சன் 1936 நவம்பரில் டெக்சாஸ், சான் அன்டோனியோவில் பதிவு செய்த 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டிலேயே நண்பன் வில்லி பிரவுனுக்குச் சேதி சொல்லச் சொல்லி ஒரு வரி வருகிறது. அந்த வரிதான் இந்தப் படத்தின் விதை. ஆனால் படத்தில் வருவதுபோல உண்மையான பிரவுன் மவுத் ஆர்கன் கலைஞர் இல்லை, கிட்டார்க்காரர். அதுவும் சாதாரணக் கிட்டார்க்காரர் இல்லை. முன்னோடி ப்ளூஸ் பாடகர்கள் சார்லி பேட்டனுக்கும் சன் ஹவுஸுக்கும் பக்கவாத்தியமாக மிசிசிப்பி டெல்டா முழுக்கச் சுற்றியவர். 1952-ல் காலமாகிவிட்டார். 1986-ல் நியூயார்க்கில் அவரைத் தேடிப்போயிருந்தால் கல்லறையில்தான் தேடியிருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1930-ல் பேட்டன், ஹவுஸ் ஆகியோரோடு விஸ்கான்சின் மாநிலத்துக் கிராஃப்டனுக்குப் போய் பாராமவுண்ட் கம்பெனிக்குப் பிரவுன் பாடிக்கொடுத்தார். ஒரு இசைத்தட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது: ஒரு பக்கம் 'எம் அண்ட் ஓ ப்ளூஸ்', மறுபக்கம் 'ஃபியூச்சர் ப்ளூஸ்'. இன்னொரு தட்டும் வெளியானது, 'கிக்கிங் இன் மை ஸ்லீப் ப்ளூஸ்', 'விண்டோ ப்ளூஸ்' என்று பட்டியலில் பேர் மட்டும் இருக்கிறது. அதன் ஒரு பிரதிகூட இதுவரை அகப்படவில்லை. சேகரிப்பாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

யூஜின் யாரிடம் போய் எதைக் கேட்கிறான் என்று இப்போது யோசியுங்கள். உண்மையிலேயே பாட்டைத் தொலைத்த மனிதரின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வேறொருவரின் இல்லாத பாட்டைக் கேட்கிறான். "உன் பாட்டு எங்கே பெரியவரே?" என்று படம் முழுக்க ஒருதடவை கேட்கவில்லை.

#8 ஸ்லைடுகாரன்

#7 படித்துவிட்டு 'ஃபியூச்சர் ப்ளூஸ்' மறுபடி போட்டேன். தடித்த கம்பியை இழுத்து விரல்பலகையில் சடார் என்று விடும் அந்தச் சத்தம்! தாளமே அதுதான். இப்படிப்பட்ட ஆளின் கையில் மவுத் ஆர்கனைக் கொடுத்ததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். கதையில் கிட்டார் வாசிக்க ஒருவனுக்குத்தான் இடம்.

மவுத் ஆர்கனைக் குறை சொல்லவில்லை. செனெகாவுக்குப் பின்னால் சோனி டெர்ரி, ஜான் லோகன் ரெண்டு பேரும் வாசித்திருக்கிறார்கள். டெர்ரி 1986 மார்ச்சில், படம் வந்த அதே மாதத்தில் இறந்துபோனார். ஜூக் ஜாயிண்ட் (கறுப்பினத்தவரின் ஆட்டபாட்டச் சாராயக்கடை) காட்சி மேடையில் இருக்கும் ஃபிராங்க் ஃபிராஸ்ட் ஆர்கன்ஸாக்காரர், நிஜ ஆள். அந்தக் காட்சியில் வியர்வை நாற்றமே வருகிறது.

#9 கரையோரன்

ரேடியோப்பெட்டி ஐயா சொன்னதோட இன்னொண்டையும் சேர்த்துப் பாக்கவேணும். இந்தக் கதை வானத்தால விழுந்ததில்லை. 1964இல உண்மையா நடந்தது. மூண்டு வெள்ளைக்காரப் பெடியள் சன் ஹவுஸைத் தேடி மிசிசிப்பி முழுக்க அலைஞ்சு, கடைசியா நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்ல ஆளைக் கண்டுபிடிச்சவை. அதே நேரம் கிட்டார்க்காரர் ஜான் ஃபேயும் கூட்டாளிமாரும் இன்னொரு பழைய ப்ளூஸ்காரர் ஸ்கிப் ஜேம்ஸைக் கண்டது எங்க தெரியுமோ? ட்யூனிக்காவில, ஆஸ்பத்திரிக் கட்டில்ல. படத்தின்ர தொடக்கம் அப்பிடியே அதுதான்.

ஆனா வேடிக்கை என்னெண்டால், சன் ஹவுஸ் கிட்டாரைத் தொட்டுக் கனகாலம். தன்ர பாட்டே அவருக்கு மறந்துபோச்சு. ஆலன் வில்சன் எண்ட பொடியன், பிறகு 'கேன்ட் ஹீட்' குழுவில இருந்தவர், பழைய ரெக்கார்டுகளை வச்சு ஹவுஸுக்கு ஹவுஸின்ர பாட்டையே திருப்பிச் சொல்லிக் குடுத்தவர். படத்தில கிழவர் பொடியனுக்குப் படிப்பிக்கிறார். உண்மையில நடந்தது தலைகீழ். அதை எடுத்திருந்தால் எப்பிடிப்பட்ட படம்!

#10 ஆறாம்தந்தி

கரையோரன் சொன்ன படத்துக்கு நான் முதல் நாள் முதல் ஷோ.

மல்லி சொன்னதைப் பற்றி: பொய் உடைந்தபிறகும் பையன் போகிறான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கப்புறம்தான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. உன் பாட்டை நீயே போடு என்கிறார் கிழவர். பையன் போட்டது எங்கே? கூடரும் ஸ்டீவ் வாயும் போட்டிக் காட்சிக்கு என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். வாத்தியாரிடம் படித்த பாடத்தையே திருப்பி ஒப்பிக்கிறான். அதற்குச் சாத்தான் தலைகுனிகிறான்.

#11 பெரம்பூர்_பாஸ்

ஐயோ தலைவா, ஆரம்பத்துல ஜூலியார்ட் சீன் மறந்துட்டீங்களா? மொசார்ட்டோட டர்க்கிஷ் மார்ச் வாசிச்சுட்டு கடைசில ஒரு ப்ளூஸ் வால் ஒட்டுவான். வாத்தியாரு கடுப்பாகி, ரெண்டு எஜமானுக்கு ஊழியம் பண்ண முடியாதுன்னு சொல்லுவாரு. அதுக்குத்தான் கடைசி சீன் பதில். கையில டெலிகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார், வாசிக்கறது பகானினி, நிக்கறது சாத்தான் மேடையில. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டான்ல? அதுதான் அவனோட பாட்டு. ப்ளூஸ மட்டும் வாசிச்சு ஜெயிச்சிருந்தாதான் பொய். லாங் ஐலண்ட் பையன் டெல்டாக்காரனா நடிக்கறதாயிடும்.

#12 ஸ்லைடுகாரன்

இது வலுவான வாதம். வில்லியே அவனை அக்கூஸ்டிக் கிட்டாரிலிருந்து பிடுங்கி டெலிகாஸ்டருக்கு மாற்றுகிறார். மின்சாரத்தைக் கண்டுபிடித்ததே எலக்ட்ரிக் ப்ளூஸ் ஜாம்பவான் மடி வாட்டர்ஸ்தான் என்று சொல்கிற கிழவர் அவர். பழசை அப்படியே பாதுகாக்க நினைத்தது அவர் இல்லை, யூஜின்தான். பாட்டை எடுத்த இடத்துக்கு அப்பால் கொண்டுபோ என்பதுதான் கடைசி வரைக்கும் அவர் கேட்பது.

ஆனாலும் காது ஒத்துக்கொள்ள மறுக்கிறது. ரெண்டையும் கலந்திருந்தால் சரி. கப்ரீஸ் தொடங்கியபிறகு ஒரு கம்பிகூட வளையவில்லை, பாஸ். முடிவில் ஒரே ஒரு ப்ளூஸ் வால், அவ்வளவுதான். ஜூலியார்டில் செய்த அதே வேலை.

#13 நாஞ்சில்_நிலா

'சின்னர்ஸ்' என்ற வாம்பயர் படம் பார்த்த கையோடு இந்தப் படத்துக்கு வந்தேன், அதனால் வேறு மாதிரி தெரிகிறது. இயக்குநர் ரயன் கூக்லர் கதையை 1932 மிசிசிப்பி கிளார்க்ஸ்டேலில் வைக்கிறார். அங்கே ப்ளூஸுக்கு வாரிசு சாமி என்ற கறுப்பினப் பையன். அவனை இழுத்துப் பிடிப்பது பிரசங்கியான அப்பா. பாட்டைத் தேடி வெளியேயிருந்து வருகிறவன் அங்கே ரத்தம் குடிக்கிறவன்! வயதான சாமியாகக் கடைசியில் வருவது சாட்சாத் ப்ளூஸ் ஜாம்பவான் பட்டி கை. 'கிராஸ்ரோட்ஸ்' கதையை அந்தப் பக்கத்திலிருந்து சொன்னால் யூஜின் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

#14 பெரம்பூர்_பாஸ்

அடப்பாவமே, கராத்தே கிட்ட வாம்பயர் ஆக்கிட்டீங்களே.

#15 ரேடியோப்பெட்டி

நிலா அவர்களின் பார்வை கடுமையானதுதான், ஆனால் தள்ளிவிட முடியாது. 1990-ல் ஜான்சனின் முழுத்தொகுப்பு வந்து லட்சக்கணக்கில் விற்றது. ஜான்சன் இறந்தது 1938-ல், 27 வயதில், கிரீன்வுட் பக்கத்தில். சொத்துக்கு வாரிசாக அவருடைய மகனை மிசிசிப்பி நீதிமன்றம் ஏற்றது தொண்ணூறுகளின் இறுதியில்தான். அந்த மகன் வாழ்நாளெல்லாம் சரளைக்கல் லாரி ஓட்டியவர்.

நாற்சந்திக் கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'கிராஸ் ரோட் ப்ளூஸ்' பாட்டில் சாத்தானே கிடையாது. பாடுகிறவன் முழங்காலில் விழுந்து ஆண்டவனிடம் இரக்கம் கேட்கிறான், போகிற வண்டியை நிறுத்தப் பார்க்கிறான், யாரும் நிறுத்தவில்லை, பொழுது சாய்கிறது. அந்தக் காலத்துத் தெற்கில் இருட்டியபிறகு தெரியாத ஊரில் ஒரு கறுப்பினத்தவர் தனியாக நிற்பது என்றால் என்னவென்று அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்சந்தியில் கிட்டாரைச் சாத்தானிடம் கொடுத்துச் சுருதி சேர்த்துவாங்கிய கதை வேறொரு ஜான்சனுடையது. டாமி ஜான்சனைப் பற்றி அவர் அண்ணன் லெடெல் சொன்னது. ராபர்ட்டுக்கு உண்மையில் கற்றுக்கொடுத்தவர் ஐக் சிம்மர்மன் என்ற மனிதர். ரெண்டு பேரும் ராத்திரியில் இடுகாட்டில் உட்கார்ந்து பழகினார்கள், யாருக்கும் தொந்தரவில்லாமல். இந்தக் கதையில் ஒரு குருவும் சிஷ்யனும் இருக்கிறார்கள், உழைப்பு இருக்கிறது. சினிமாவுக்குச் சாத்தான்தான் வசதி.

ஆனால் ஒரு விஷயத்தில் படத்தை எழுதியவரைப் பாராட்ட வேண்டும். வில்லி நாற்சந்தியில் தேடுவது 'லெக்பா'வை. அவன் பேரை 'ஸ்க்ராட்ச்' என்று மாற்றிக்கொண்டுவிட்டான் என்று பதில் வருகிறது. லெக்பா மேற்கு ஆப்பிரிக்காவின் சந்தி தெய்வம், வழி திறப்பவர். அவரைக் கிறிஸ்தவச் சாத்தானாக்கியது பிற்காலம். ஒரே வசனத்தில் அது வந்துபோகிறது.

#16 கரையோரன்

டாமி ஜான்சன் எண்டதும் ஞாபகம் வந்தது: மேல சொன்ன 'கேன்ட் ஹீட்' குழுவுக்குப் பேர் வந்ததே அவற்ற பாட்டால. எல்லாம் ஒரே ஊருக்குள்ள சுத்திக்கொண்டு நிக்குது.

நிலா தங்கச்சி சொன்னதுக்கு: யூஜினைப் பேயெண்டு சொல்ல எனக்கு மனமில்லை. வில்சன் மாதிரிப் பொடியள் இல்லாட்டி சன் ஹவுஸின்ர 1965 ரெக்கார்டே வந்திராது. ஆனா காசு எங்க போனது எண்ட கேள்வி வேற.

#17 ஆறாம்தந்தி

செனெகாவைப் பற்றி யாரும் பேசவில்லையே. லிட்டில் வில்லி ஜான் 1958-ல் பாடிப் பிரபலமாக்கிய 'டாக் டு மீ' பாட்டை எழுதியவர் இவர்தான். பாட்டுத் தொழிலின் உள்ளே இருந்து வந்த ஆள் என்பது நடிப்பில் தெரிகிறது. பையன் வாசிக்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள், ஒருதடவைகூட 'ஆகா' என்று தலையாட்டுவதில்லை. வேறு எங்கோ பார்த்துக்கொண்டு காதை மட்டும் கொடுப்பார். பையனுக்கு 'லைட்னிங் பாய்' என்று பேர் வைப்பதுகூடப் பாதிக் கிண்டல்தான்.

#18 மல்லி

ஆமாம்! அந்தக் கிண்டல் குறைவதைக் கவனித்துப் பாருங்கள், உறவு எங்கே மாறுகிறது என்று தெரியும். போட்டியில் பையன் ஆத்மாவையும் பணயம் வைக்க வேண்டும் என்று வரும்போது வில்லி தடுக்கத்தான் பார்க்கிறார். தன்னுடைய ஒரே வழி அது என்று தெரிந்தும் தடுக்கிறார். 400 டாலர் பொய் சொன்ன அதே ஆள். பையன் ஒத்துக்கொள்வது வீரத்தால் இல்லை, அவன் சாத்தானையே நம்பவில்லை, விளையாட்டாகத் தலையாட்டுகிறான். பயப்படுவது கிழவர் மட்டும்தான். டூயலில் நான் பார்ப்பது அந்த முகத்தை. கப்ரீஸா ஸ்லைடா என்பது ரெண்டாம்பட்சம்.

ஜெயித்தபிறகு சிகாகோ வரைக்கும் சேர்ந்து போவோம், அப்புறம் நீ தனியாகப் போகவேண்டும் என்று வாக்கு வாங்கிக்கொள்கிறார். கூடவே வைத்துக்கொண்டிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

#19 ஸ்லைடுகாரன்

ஒரு சின்னத் துணுக்கு, ரேடியோப்பெட்டி ஐயாவுக்குப் பிடிக்கும். படத் தொடக்கத்தில் ஜான்சன் ஓட்டல் அறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பதிவு செய்வார். வெட்கம் என்று ஒரு கதை, மற்ற கலைஞர்கள் விரல் வித்தையைத் திருடிவிடாமல் மறைத்தார் என்று இன்னொரு கதை. ரை கூடர் வேறு காரணம் சொன்னார்: சுவர் மூலையைப் பார்த்து வாசித்தால் நடு ஸ்தாயி திரும்பி வந்து சத்தம் கனக்கும். இசைக்காரர் சொல்லும் காரணம். எனக்கு அதுதான் பிடிக்கும், நிரூபணம் இல்லாவிட்டாலும்.

#20 தம்புரா

ஸ்லைடு கிட்டார் பற்றிப் பேசுகிறீர்களே, நம் கோட்டுவாத்தியத்தில் இல்லாததா? கமகம்...

#21 மல்லி

தம்புரா சார், தனி இழை ப்ளீஸ். இங்கே அதை ஆரம்பித்தால் நாளைக்குக் காலை ப்ளூஸ் தஞ்சாவூரில் பிறந்தது என்று யாராவது எழுதிவிடுவார்கள்.

#22 பெரம்பூர்_பாஸ்

😂😂 சரி, ஆறாம்தந்தி தலைவரே, தீர்ப்பு என்ன? மாறுனீங்களா இல்லையா?

#23 ஆறாம்தந்தி

மாறவில்லை. உங்கள் ரெண்டு எஜமான் வாதம் நல்ல வாதம், ஆனால் அதைக் காதில் கேட்கவைக்க வேண்டியது படத்தின் வேலை. எனக்குப் படம் அந்த ஸ்லைடு துண்டோடு முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் ஸ்டீவ் வாய் கச்சேரி.

அடுத்து 'கேடிலாக் ரெக்கார்ட்ஸ்' படத்தை எடுக்கலாமா? மடி வாட்டர்ஸ், அவருடைய மவுத் ஆர்கன்காரர் லிட்டில் வால்ட்டர் உறவில் பேச நிறைய இருக்கிறது.

#24 ரேடியோப்பெட்டி

எடுங்கள். செஸ் ரெக்கார்டு கம்பெனியின் கதை என்று சொல்லிக்கொண்டு, அதை நடத்திய சகோதரர்களில் தம்பி ஃபில் செஸ்ஸைக் கிட்டத்தட்டக் காணாமலாக்கிய படம் அது. நான் காத்திருக்கிறேன்.